மதில் காலேஜ்

கடைசி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் டிரைவர் முதலில் செய்கிற வேலை, பின்னால் வருவதைக் காட்டுகிற பக்கக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பது. வண்டியில் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. கதவு பாதியில் மக்கர் பண்ணும், மூன்றாவது சீட்டில் பஞ்சு பிதுங்கும், மழை பெய்தால் கூரை ஒழுகும். கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும். அன்றைக்கு அதையும் மறந்துவிட்டு நேராகப் பின்சீட்டுக்குப் போனார். அங்கே அவருடைய மகள் மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் வந்துவிட்டது. ஐந்து கல்லூரிகளை வரிசையாக எழுதி அன்று இரவுக்குள் போனில் அனுப்பியாக வேண்டும். எல்லாம் அரசாங்கக் கல்லூரிகள். இடம் கிடைத்துவிட்டால் கட்டணம் ஒரு பொருட்டில்லை. எதுவுமே கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அம்மா வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் காலர் அடிக்கிற மெஷின் ஒன்று காலியாக இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை விசாரித்துவிட்டார்.

"கவலையை விடும்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்று கண்டக்டரும் வந்து உட்கார்ந்தார். விரல் இரண்டை வாயில் வைத்து அவர் ஊதினால் அடுத்த தெருவில் போகிற சைக்கிள்காரன்கூட நின்றுவிடுவான் என்பதால் டிப்போவில் அவருக்கு விசில் என்று பெயர். காலேஜ் விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவர் எண்ணம். இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் பஸ்ஸில் அடிக்கிற அரட்டையை ஓசியில் கேட்டு வளர்த்த அறிவு அது.

"பாலத்தடி காலேஜ் கண்ணை மூடிட்டு எழுது. போன வருஷம் அங்க கடைசியா சேர்ந்த பையன் உன்னைவிட எவ்வளவோ கம்மி. ஆஸ்பத்திரி காலேஜும் உன் கையிலதான். மணிக்கூண்டு காலேஜ், கொஞ்சம் முன்னபின்ன. கெடைக்கலாம்."

கல்லூரிகளுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பஸ்காரர்களுக்கு எல்லாமே நிறுத்தங்கள்தான்.

"மதில் காலேஜ், சித்தப்பா?" என்றாள் மகள், தாளைப் பார்த்தபடி.

விசில் தலையைச் சொறிந்தார். அவர்கள் ரூட்டில் பாதி வழிக்கு ஒரு மதில் வரும். பஸ் அதை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு பெரிய வாசல்; கார்கள் சட்டென்று குறுக்கே திரும்பி உள்ளே போகும். முன்பு அந்த வாசலில் ஒரு நிறுத்தம் இருந்தது. கூட்டம் சேருகிறது என்று கல்லூரிக்காரர்கள் எழுதிப்போட்டு அதை எடுக்க வைத்துவிட்டார்கள். இப்போது மதில் முடிகிற இடத்தில் உள்ள மரக்கடையில்தான் பஸ் நிற்கும். யாரும் சண்டைக்குப் போகவில்லை. அந்த வாசலில் இறங்க வேண்டியவர்கள் பஸ்ஸில் வருவதில்லை.

வானிலைப் படிப்பு அங்கே மட்டும்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதில் பித்து. மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடியை வைத்து மழையை அளப்பாள். துணி காயப்போடலாமா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் சொன்னதை நம்பி நனைந்த துணிகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை.

"போன வருஷம் அங்க கடைசி மார்க் என்னைவிட ஒண்ணு கூட. அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு கம்மி."

"அப்போ பூவா தலையாதான்."

"பூவா தலையாவை நம்பியா பிள்ளையோட படிப்பை வைக்கிறது?" என்றார் டிரைவர். பின்னால் காலி வண்டி வரும் என்று நிற்கிறவர்களிடம் 'வந்த வண்டில ஏறும்மா' என்று காலமெல்லாம் சொல்லிப் பழகியவர். "நிச்சயமா கெடைக்கிறதை முதல்ல போடு. பாலத்தடி, ஆஸ்பத்திரி, அப்புறம் மணிக்கூண்டு. மதிலை அதுக்குக் கீழ போட்டுக்கோ, ஆசைக்கு."

"அஞ்சாவதா தலைநகர்ல இருக்கிற பெரிய காலேஜைப் போடு," என்றார் விசில். "பார்க்கிறவன் அசந்து போகணும்."

அவள் சொன்னபடியே எழுதினாள். மதில் காலேஜ் என்று எழுதும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் அழகாக விழுந்தது. டிரைவர் அதைக் கவனித்தார். பிறகு போய் வண்டியை எடுத்தார்.

இரவு வீட்டில் எல்லாரும் கூடினார்கள். விசில் டீயோடு தரையில் சம்மணம் போட்டிருந்தார். அம்மா கம்பெனியிலிருந்து வந்த களைப்போடு சுவரில் சாய்ந்து, புடவையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு காலேஜ் பேரைக் குடுத்தா போதாதா? வரிசை எதுக்குக் கேக்கறான்?" என்றாள்.

மகள் போனில் இருந்ததைப் படித்தாள். "மாணவர் தந்த வரிசைப்படி மேலிருந்து பார்க்கப்படும். மதிப்பெண் தகுதி உள்ள முதல் கல்லூரியிலேயே இடம் ஒதுக்கப்படும். அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படமாட்டா."

விசிலுக்குப் புரையேறிவிட்டது. டீ சட்டையெல்லாம் சிந்தியது.

"அண்ணே! இது நம்ம டிப்போ ரூட் சீட்டுண்ணே!"

டிரைவரின் முகம் விளக்கணைந்த மாதிரி ஆனது. டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார்கள். வேண்டிய ரூட்டுகளை வரிசையாக எழுதித் தர வேண்டும். சர்வீஸ்படி ஒவ்வொரு சீட்டாக எடுத்து, மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கிற முதல் ரூட்டைக் கொடுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஆற்றங்கரை ரூட் மேல்தான் கண். நெரிசல் கிடையாது, காற்று பிய்த்துக்கொண்டு போகும். நமக்கெங்கே அது கிடைக்கப்போகிறது, எதையாவது கொடுத்து ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயந்து, யாருமே சீண்டாத மதில் ரூட்டை டிரைவர் முதலில் எழுதினார். ஆற்றங்கரையை அதற்குக் கீழே போட்டார். மதில் ரூட்டை உடனே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆற்றங்கரை, அவருக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த ஒருவனுக்குப் போனது. அவன் துணிந்து அதை மேலே எழுதியிருந்தான், அவ்வளவுதான். அன்றிலிருந்து டிப்போவில் அவரைப் பார்த்தாலே, 'கேட்டதைக் குடுத்தாங்களா அண்ணே?' என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"பாலத்தடி மேல இருந்தா அதைக் குடுத்துட்டுக் கதவைச் சாத்திடுவான்," என்றார் விசில். "மதில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்."

"மேல மதிலைப் போட்டு அது கெடைக்கலைன்னா?"

"அடுத்ததைப் பார்ப்பான். மேல கேட்ட குத்தத்துக்காகக் கீழ இருக்கிறதைப் பிடுங்கமாட்டான்ணே."

டிரைவர் அந்த விதியை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. தனக்குத் தானே வெட்டிய குழியில் பெற்ற பெண்ணையும் தள்ளப் பார்த்தோமே என்று நினைத்தார். துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, இதுக்குப் போய் இப்படி மூஞ்சைத் தொங்கப்போடறீங்க?" என்றாள் அம்மா. "பாலத்தடி எங்கயும் ஓடிப்போகாது. அது கடைசில கையைக் கட்டிட்டு நிக்கட்டும். உனக்கு எதும்மா ரொம்பப் பிடிக்கும்?"

"மதில்."

"அது மேல. அப்புறம் மணிக்கூண்டு. தலைநகருக்கு நீ போகப்போறியா?"

"நான் எங்கம்மா போறேன்? அங்க ஹாஸ்டலுக்கு யாரால முடியும்?"

"அப்போ அது விசிலோட ஆசை. அவரே போகட்டும். அதை எடுத்துட்டு, கெடைக்கும்போல இருக்கிறது இன்னொண்ணு சொல்லு."

"சந்தை காலேஜ்."

"சரி. அதுக்குக் கீழ ஆஸ்பத்திரி, கடைசில பாலத்தடி."

"அண்ணி, என்னை இப்படிக் கவுத்துட்டீங்களே," என்றார் விசில்.

மகள் போனை அப்பாவிடம் நீட்டினாள். "நீங்களே அமுக்குங்கப்பா."

"நான் பிரேக்கைத் தவிர எதையும் அமுக்கமாட்டேன்."

அம்மா எட்டி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலால் ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

பதில் வந்த அன்று பஸ் சந்தையைத் தாண்டிக்கொண்டிருந்தது. விசிலின் போனில்தான் மகள் சேதி சொன்னாள். அடுத்த கணம் காதைப் பிளக்கிற மாதிரி விசில் ஊதினார். டிரைவர் பதறி பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"ஏன்யா, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று பின்னாலிருந்து கத்தினார் ஒரு பெரியவர்.

"யாரும் விழலைங்க! அண்ணன் பொண்ணுக்கு மதில் காலேஜ்ல இடம் கெடைச்சிருக்கு!"

திட்ட வாயெடுத்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கூடைக்காரப் பெண் ஒருத்தி முன்னால் வந்து டிரைவரின் தோளைத் தட்டி, "வண்டியைப் பார்த்து ஓட்டுங்க, பொண்ணு படிச்சு முடிக்கணும்ல," என்றாள். அன்று முழுக்க கியர் போடும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. டிப்போவில் வழக்கம்போல் 'கேட்டதைக் குடுத்தாங்களா அண்ணே' என்று கேட்டவனிடம், "குடுத்தாங்கடா!" என்று சத்தமாகச் சொன்னார்.

முதல் நாள் காலையில் மகள் அவருடைய பஸ்ஸிலேயே ஏறினாள். மழை வராது என்று அவளே சொல்லியிருந்ததால் குடை எடுத்து வரவில்லை. மதில் ஆரம்பிக்கும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸே கேலி செய்தது. அவளும் வெட்கத்தோடு சிரித்தாள்.

வாசல் நெருங்கியதும் விசில் படியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த ரூட்டில் அவர் ஒருநாளும் சொல்லாத பெயரை உரக்கக் கூவினார்.

"காலேஜ் எறங்கறவங்கல்லாம் எழுந்திரிங்க! மதில் காலேஜ்!"

எழுந்து நின்றது ஒருத்திதான்.

டிரைவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. வேகம் குறைந்தது. வாசலில் பெரிய குடையோடு நின்ற காவலாளி பஸ்ஸைப் பார்த்ததும் சாலையில் இறங்கி, "நிக்காதே, போ போ!" என்று கையை வீசினான். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் பஸ்ஸை நகர்த்தினார். கார் திரும்பி உள்ளே போனது. காவலாளி அதற்கு சலாம் வைத்தான்.

மரக்கடையில் பஸ் நின்றது. "வரேம்பா," என்று சொல்லிவிட்டு மகள் குதித்து இறங்கினாள். புத்தகப் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, மழையை அளப்பதுபோல் ஒரு கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். விசில் இரண்டு தரம் ஊதினார்.

டிரைவர் கையை வெளியே விட்டுக் கண்ணாடியில் வழிந்த நீரைத் துடைத்தார். கார்கள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போய் வாசலில் திரும்பின. வளைவு வரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். அவள் இன்னும் மதிலை ஒட்டித்தான் நடந்துகொண்டிருந்தாள்.