கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்டவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கார் சாவியில் தொடங்கியது. மகன் ஷுன்யாவுக்கு என் காரைக் கொடுத்தேன். பனி விழுந்த மலைப்பாதையில் அவன் பறந்த அழகைப் பார்த்தேன். சாவியைக் கேட்டேன்.

"குடுத்துட்டு திருப்பிக் கேக்குறீங்களே, எந்த ஊர் நியாயம்மா இது?"

இந்த ஊர் நியாயம்தான். எண்ணூறு வருடங்களுக்கு முன்னால், எங்கள் பள்ளத்தாக்கில் சாமுராய் வீட்டு விதவை தன் மகனுக்குக் கொடுத்த நிலத்தை நினைத்த நேரத்தில் பிடுங்கிக்கொள்ளலாம். அப்போது ஜப்பானை ஆண்ட காமகுரா அரசாங்கமே குறுக்கே வராது. [சாவி இன்னும் ஷுன்யாவிடம்தான். எனக்கு வாய்த்த அரசாங்கம் அப்படி.]

2

அப்படி ஒரு விதவையைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "செர்ரிப் பூக்கள் உதிர்ந்த மாலையில், துறவி மியோரென் பெருமூச்சு—"

வேண்டாம். கதை நடப்பது நாற்று நடும் நேரத்தில்; அப்போது செர்ரிப் பூ எங்கே இருக்கிறது?

இரண்டாவது: "கணவன் போனதும் தலையை மழித்துத் துறவியான மியோரென், அதற்குப் பிறகுதான் ஆளத் தொடங்கினாள்."

இது தேவலை. வழக்கு தீர்ப்பதும் காவலுக்கு ஆள் அனுப்புவதும் அவள்தான். நிலத்தை மட்டும் மகன் மொரிகாகேயிடம் கொடுத்திருந்தாள். இப்போது வாய்க்காலின் மேல்மடையை வைத்திருக்கும் பக்கத்து நிலக்காரன் தண்ணீரை அடைத்துவிட்டான். மொரிகாகே சண்டைக்குக் கிளம்பக் குதிரைகளுக்குச் சேணம் பூட்டிவிட்டான். எதிரியிடம் மூன்று மடங்கு ஆட்கள். போனால் திரும்பமாட்டான் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

3

மியோரென் மூங்கில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறவள் என்ற சலுகையில் உள்ளே எட்டிப் பார்க்கப் போனேன். (கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் வைக்கலாம் என்று ஆசை.)

"யாரது? வெளிய உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கிழட்டுத் தளபதி ஹிராமா தொண்டையைச் செருமினார்.

"அம்மா, சின்னவரு கெளம்பிட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"சொல்றேன். அவனுக்குக் குடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டேன். ஆளும் குதிரையும் நிலத்தோட சேர்ந்தது. சேணத்தை எறக்கச் சொல்லு. தண்ணிக்கு நான் காமகுராவுல வழக்குப் போடுறேன்."

அவ்வளவுதான். முற்றத்தில் சேணங்கள் இறங்கும் சத்தம் கேட்டது.*

*இங்கே முடித்திருந்தால் அவளுக்கு வெற்றி, எனக்கும் நேரத்தோடு சாப்பாடு. மொரிகாகே விடவில்லை.

4

திரைக்கு முன்னால் வந்து மண்டியிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேம்மா. நான் தோத்துடுவேன்னு எடுத்தீங்களா, செத்துடுவேன்னு எடுத்தீங்களா?"

பாவி, இப்படிக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "தோற்றுவிடுவாய்" என்றால், ரோஷத்தில் தனியாளாகவே மடைக்கு ஓடுவான். "செத்துவிடுவாய்" என்றால் உயிரோடு இருப்பான்; ஆனால் அம்மா முந்தானையில் ஒளிந்தவன் பின்னால் இனி ஒருவனும் வாளோடு நிற்கமாட்டான். அவளுக்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கு அவனுக்கு இல்லை.

"மொரிகாகே," என்றாள் மியோரென், "நான் எடுத்தது—"

இதற்கு மேல் எழுதி எழுதி அடித்துவிட்டேன். ஒரு பதிலில் ஆள்கிறவள் ஜெயித்தாள், பிள்ளை போய்விட்டான். இன்னொன்றில் பிள்ளை இருந்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் போங்கள். உங்களைத் திரைக்குப் பின்னால் விடுவாள். அவள் இடத்தில் உட்கார்ந்து வாக்கியத்தை முடியுங்கள். ஒன்று மட்டும்: அவன் காதோடு சொல்ல முடியாது. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.