பீர் பானை

தமிழரசி பீர்ப் பானையின் குழாயை முழுக்கத் திருகிவிட்டாள். இரண்டு சொட்டு விழுந்தது. அதோடு நின்றுவிட்டது.

"அண்ணி, சீக்கிரம். கரண்ட் போச்சுன்னா மோட்டார் ஓடாது. குளிப்பாட்டத் தண்ணியே இருக்காது" என்றான் கொழுந்தன் கணேஷ்குமார்.

கூடத்தில் அவள் கணவர் சிவராஜைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மாலை இந்தப் பானைக்கு முன்னால்தான் அவர் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் காலையில் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பிடித்துவைக்க வீட்டில் வேறு பெரிய பாத்திரம் இல்லை. பானைக்குள் அவர் ஊறவைத்த பார்லி அப்படியே கிடந்து புளித்து நாறியது. கவிழ்க்கலாமென்றால் அசைக்க முடியாத கனம்.

"கோ மின்னைக் கூப்பிடட்டுமா? கீழ படியிலதான் உக்காந்திருக்காரு."

அவள் குழாயை மறுபடி திருகினாள். கணேஷ்குமார் போய்விட்டான்.

கோ மின் பர்மாக்காரன்; சிவராஜோடு போட்டாதாங் படகுத்துறையில் வேலை பார்த்தவன். ஞாயிறு வந்தால் போதும், இரண்டு பேரும் இந்தச் சமையலறையில்தான் பீர் காய்ச்சுவார்கள். எவர்சில்வர் பானையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உள்ளே வடிகட்டக் கம்பிவலை வைத்தார்கள். பீர் கலங்கலாக வந்தது. வலையை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு செம்புக் குழாயில் ரம்பத்தால் வரிவரியாக வெட்டுப் போட்டார்கள். பார்லி அடியில் இறுகாமல் இருக்க உமி கலந்தார்கள். தமிழரசி டீ கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். அவள் திரும்பியதும் மறுபடி சிரிப்பு கேட்கும். ஒருநாள், "நானும் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "உனக்கு இது போரடிக்கும்" என்றார் சிவராஜ். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

கோ மின் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. தன்னுடையதைவிட அதிகமாக வீங்கியிருப்பதாக அவளுக்குப் பட்டது. அவன் மண்டியிட்டு, குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையை வாயில் வைத்து ஊதினான். உள்ளே பார்லி குபுகுபுவென்று அசைந்தது. டியூபைத் தாழ்த்தினான். முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிந்தும் ஓட ஆரம்பித்தது.

"குழாயில வெட்டு இன்னும் அகலமாப் போடலாம்னு அவர்கிட்ட சொன்னேன், அமா" என்றான் பர்மியத்தில். அமா, அதாவது அக்கா என்றுதான் அவளை எப்போதும் கூப்பிடுவான். "கேக்கல. நெஞ்சு வலிக்கு டாக்டர்கிட்ட போகச் சொன்னேன், அதுவும் கேக்கல."

"நெஞ்சு வலியா? எப்ப?"

அவன் டியூபையே பார்த்தான். "தீபாவளிக்கு முந்தியே இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

தீபாவளியன்று சிவராஜ் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். சட்னி நல்லாயிருக்கு என்றார்.

அவள் அவன் கையிலிருந்த டியூபை வாங்கிக்கொண்டாள்.

"போதும். இனிமே நாங்க பாத்துக்கிறோம். குளிப்பாட்டும்போது சொந்தக்காரங்க மட்டும் இருக்கட்டும்."

"சரி, அமா."

அவன் படிக்கட்டுக்குப் போனான். அவள் பார்லியைத் தானே வழித்தெடுத்தாள். பானையைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் பிடித்தாள். அதே தண்ணீரை மொண்டு அவர் தலையில் ஊற்றினார்கள்.

சவப்பெட்டி படியில் இறங்கியபோது மூன்றாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த சிவராஜின் சித்தப்பாவுக்குக் கால் வழுக்கியது. சுவரோரமாக நின்றிருந்த கோ மின் பாய்ந்து வந்து தோள் கொடுத்தான். கணேஷ்குமார் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில், தலைமாட்டில், கோ மின்தான் ஏறி உட்கார்ந்தான். வெறுங்காலோடு இருந்தான். வண்டி ஸ்ட்ராண்ட் ரோட்டில் திரும்பும்வரை அவன் கை பெட்டிமேலேயே இருந்தது.

உள்ளே பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியது. செருப்புகள் நனையுமே என்று தமிழரசி வெளியே வந்தாள். ஆண்கள் செருப்பு இரண்டே ஜோடி கிடந்தது, சிவராஜுடையதும் கோ மின்னுடையதும். இரண்டும் பழுப்பு வெல்வெட் பட்டை, இரண்டும் ஒரே அளவு. சேர்ந்தே போய் வாங்கியிருப்பார்கள்.

அவள் சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எது அவருடையது என்று அடியில் தேய்ந்திருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.