சூடேறினால் நிற்கும் கார்

அம்மா காரிலேயே இறந்துபோன நாளிலிருந்து தம்பி அக்காவோடு பேசவில்லை. வீட்டுக்கு வருவான், போவான், அவள் இருக்கும் பக்கம் திரும்பமாட்டான்.

அன்று மூச்சுத் திணறிய அம்மாவைப் பின்சீட்டில் சாய்த்துவைத்து, அக்காதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். உச்சி வெயில். மேம்பாலத்து நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது இன்ஜின் சட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் அந்த நெரிசலுக்குள் நுழைய வழியில்லாமல் தவித்தது. அவள் போனில் அழைத்து அரைமணி கழித்து, தம்பி நெரிசலுக்குள் ஓடியே வந்து சேர்ந்தான். அதற்குள் அம்மா போய்விட்டாள். அக்காவை இறக்கிவிட்டு, அவன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி உடனே உயிர்பெற்றது.

"என் கைக்கு வந்துச்சே. உன் கைக்கு ஏன்க்கா வரல?"

அவன் அவளிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். உறவுக்காரர்களிடமெல்லாம், அவளுக்கு ஓட்டத் தெரியாததால்தான் வண்டி நின்றது என்று சொல்லிவைத்தான். அந்த வருஷம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். பதற்றத்தில் எதையோ தப்பாக மிதித்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம். படுத்தால் தூக்கம் வராமல் வலது காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரை விற்கப்போவதாகத் தம்பி சொல்லியனுப்பியபோது, அவள் அதை எடுத்துக்கொண்டு வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் போனாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு தேடும் மனிதர். பேட்டரி பார்த்தார், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார், ரிலேயை மாற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"டாக்டரைப் பாத்ததும் வயித்துவலி ஓடிப்போற மாதிரி, என் ஷெட்டுக்கு வந்தா எல்லா வண்டியும் நல்லபிள்ளை ஆயிடும்" என்று சிரித்தார். "இதுல கோளாறு ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப நான்தானா?" என்றாள் அவள்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் முழுவதையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"உங்களுக்கு வரல, தம்பிக்கு வந்துச்சு. ரெண்டுமே நிஜம்னா, நடுவுல மாறினது என்ன? இன்ஜின் ஆறியிருக்கு. தம்பியையும் வரச்சொல்லுங்க. அவர் கண்ணால பாக்கணும்."

தம்பி மறுநாள் மதியம் வந்தான். அக்காவைப் பார்க்காமல், "வாங்கறவர் காத்திருக்கார், சீக்கிரம் முடிங்க" என்றான் எலக்ட்ரீஷியனிடம்.

அவர் காரை வெயிலில் நிறுத்தி, ஏசியைப் போட்டு, பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டார். மூவரும் நின்றார்கள். வெப்பம் காட்டும் முள் மெல்ல ஏறியது. தம்பி வாட்சைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தான். வெகுநேரம் கழித்து, ஒரு விக்கல்கூட இல்லாமல், இன்ஜின் நின்றது.

"அப்படியேதான்" என்றாள் அக்கா.

"நீங்க உக்காருங்க தம்பி. திருப்புங்க."

தம்பி திருப்பினான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே இருந்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் எலக்ட்ரீஷியன் ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவன் கையைப் பிடித்தார்.

"விடுங்க. பேட்டரி இறங்கிடும்."

இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் அவன் திருப்பியபோதெல்லாம் அசையாமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். இன்ஜின் சுற்றுவதைச் சொல்லவேண்டிய சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்று அதற்கு அர்த்தம்; அது வராமல் இன்ஜின் பிடிக்காது. காருக்கு அடியில் படுத்து அந்த வயரைத் தடவிக்கொண்டே போனார். வயர் சென்சாரோடு சேரும் கனெக்டரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப திருப்புங்க" என்றார். இன்ஜின் உடனே பிடித்தது. விரலை எடுத்தார். நின்றது.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஒரு பின்னின் வாய் அகன்றிருந்தது.

"சூடானா பிளாஸ்டிக் இளகும், தொடுப்பு விட்டுரும். ஆறினா திரும்ப ஒட்டிக்கும். உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கணும், தண்ணி போகாம. அது இல்ல. பூட்டும் உடைஞ்சிருக்கு, டேப் சுத்தியிருக்கு. யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க."

தம்பி அந்த டேப்பையே பார்த்தான்.

"நான்தான்" என்றான். "அம்மா போறதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி இன்ஜினைக் கழுவினேன். தண்ணி போயிடுச்சோன்னு கழட்டித் துடைச்சேன். அந்த வளையம்... வேண்டாததுன்னு நினைச்சேன்."

ஷெட்டின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வண்டி நிக்காம இருந்திருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்களா?" என்று அக்கா எலக்ட்ரீஷியனிடம் கேட்டாள்.

"அது என் மீட்டர்ல தெரியாதும்மா" என்றார் அவர். பிறகு புது கனெக்டர் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

"திட்டுக்கா" என்றான் தம்பி. "நான் உன்னை எப்படியெல்லாம்..."

இத்தனை மாதமாக அவனிடம் சொல்லவென்று அவள் மனதுக்குள் சேர்த்துவைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டினா உனக்கு லேசாயிடும். எனக்கு இன்னும் லேசாகலடா" என்றாள்.

கனெக்டர் மாற்றியபின் இருவரும் அதே காரில் திரும்பினார்கள். அவள்தான் ஓட்டினாள். மேம்பாலத்தில் ஏறியபோது அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். கொஞ்ச நாளில் காரை விற்றுவிட்டார்கள்.

அந்த மாதமே சித்தி வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே தம்பி சொன்னான்: "அன்னைக்கு வண்டி நின்னது என்னாலதான். அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. உங்ககிட்டயெல்லாம் நான் சொன்னது தப்பு."

சாப்பிட்ட கைகள் நின்றன. சித்தி நிமிர்ந்து அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போதும் சித்தி" என்றாள் அக்கா. "அவன் சாப்பிடட்டும்."