உள்ளே போன பாதம்

வெள்ளிக்கிழமை காலையில் அனாடமி ஹாலின் கதவைத் திறந்த சந்தனமேரி, கையிலிருந்த வாளியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள். அவள் சிலுவை போட்ட வேகத்தைப் பார்த்திருந்தால் மாதாவே பயந்திருப்பாள்.

“நேத்து நான்தானே தொடச்சிட்டுப் பூட்டுனேன்? மறுபடியும் நடந்திருக்குது, பாப்பாக்கா! வெள்ள வெள்ளயா காலு!”

சின்னப்பாப்பா அன்றைக்குத்தான் மாடி வேலை முடிந்து கீழே வந்திருந்தாள். அந்த ஹாலைப் பற்றிக் கூட்டுகிற பெண்கள் நாலு நாளாகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தது அவள் காதிலும் விழுந்திருந்தது. பிணம் அறுத்துப் படிக்கப்போகிற அறை, அதில் பிணம் வருவதற்கு முன்னாலேயே பேய் வந்துவிட்டது என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அதற்கு வளையல் சத்தமும் சேர்த்துவிட்டிருந்தாள். இந்த மாதிரிக் கதைக்கு மட்டும் நம் ஜனங்களிடம் என்றைக்கும் பஞ்சமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மரக்காணம் தாண்டி, ஈசிஆர் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, உப்பளத்தைத் தூர்த்து எழுப்பிய மூன்று மாடி மெடிக்கல் காலேஜ். அஸ்திவாரம் போட்ட வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. அப்புறம் வேலை நின்று, தொடங்கி, நின்று, ஒருவழியாக இரண்டாயிரத்து ஆறில் பெயிண்டு கண்டது. வாசலில் வைத்த பேனரில் சேர்மனுடைய முகம் கட்டடத்தைவிடப் பெரியதாக இருந்தது. படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு அதில் ஓர் ஓரம்கூட மிஞ்சவில்லை.

சின்னப்பாப்பா துடைப்பத்தோடு ஹாலுக்குள் போனாள். சிமெண்டுத் தரையில் உப்புப் பூத்திருந்தது. அது அதிசயமில்லை, அந்தப் பக்கத்துச் சுவரெல்லாம் பூக்கும். ஆனால் இது கால் காலாகப் பூத்திருந்தது. வாசலில் தொடங்கி இரண்டு வரிசை, குதிகாலை ஒட்டிக் குதிகாலாக, ஹாலின் நடுவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வரிசை அகலமான பெரிய கால். பக்கத்திலேயே இன்னொரு வரிசை, சின்னக் கால். அந்தச் சின்னக் காலில் இடதுபக்கச் சுண்டுவிரல் அடுத்த விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அந்த விரலுக்கு அவள் எத்தனை தடவை மருதாணி வைத்திருக்கிறாள். பிறந்த அன்றைக்கே பார்த்துவிட்டு, இது வளர வளரச் சரியாகிவிடும் என்று நினைத்த விரல். ஆகவில்லை. செருப்புக் கடையில் எந்தச் செருப்பைப் போட்டாலும் கடிக்கிறது என்று அழ வைத்த விரல்.

“இலக்கியா,” என்றாள். ஹால் காலியாக இருந்ததால் அந்தப் பெயர் சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது.

நடந்தது இதுதான். உப்பளத்தில் மழைக்காலம் முடிந்ததும் முதல் வேலை மிதிப்பது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும். அஸ்திவாரம் போட்ட அந்த வருஷம் டிசம்பரில் பாத்தி வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அவர்கள் கட்டட வேலைக்கு வந்தார்கள். அரைப் பரீட்சை லீவில் இருந்த இலக்கியாவும் பொங்கலுக்கு வாட்ச் வாங்க வேண்டும் என்று அம்மாவோடு வந்தாள். இந்த ஹாலுக்குக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போனார். ஈரத் தரையைப் பார்த்ததும் இவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு மிதிக்க இறங்கிவிட்டார்கள். கான்கிரீட்டை மிதித்த ஜனங்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்த மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். பலகை போட்டு ஒவ்வொருத்தியாகப் பக்கத்து ஜன்னல் வழியே தூக்கி இறக்கினார்கள். மற்றக் கால்களையெல்லாம் மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்டார்கள். வாசலிலிருந்து நடுவரை போன இரண்டு வரிசை மட்டும் அதற்குள் இறுகிப்போயிருந்தது. அவசரத்தில், கையில் கிடைத்த உப்பு மணலில் சாந்து குழைத்துக் குழிகளில் அப்பி மறைத்தார்கள். இலக்கியா அன்று பூராவும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் புதுச் செருப்பை வாசலிலேயே மறந்துவிட்டு வந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுக்கத்தான் போனாள். “தோ வந்துடறேம்மா,” என்றாள். கொஞ்ச நேரத்தில் கடல் பொங்கி, கால்வாயைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி வந்தது.

அவள் கிடைக்கவில்லை. ஜிப்மர் ஆஸ்பத்திரி வரை போய்ப் பார்த்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுடைய முகத்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ‘இவள் இல்லை’ என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போது வருகிற நிம்மதிக்காகச் சின்னப்பாப்பா பிறகு தன்னையே சபித்துக்கொண்டாள். அவள் புருஷன் ராஜாங்கம் முதல் வருஷம் முடிந்ததும் காரியம் செய்துவிடலாம் என்றான். படம் வைத்துப் படைக்கலாம் என்றான். சின்னப்பாப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

“வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவளுக்கு எப்பிடிய்யா படைக்கிறது?”

இப்போது அவள் பார்க்கிறாள்: உள்ளே போன கால் இருக்கிறது. திரும்பிய கால் இல்லை. பலகை போட்டுத் தூக்கியது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தக் காலையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பெண் இந்த அறைக்குள் வந்தவள், வெளியே வரவே இல்லை. இத்தனை நாள் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, பிள்ளை இங்கே அல்லவா நின்றுகொண்டிருக்கிறாள் என்று இருந்தது அவளுக்கு.

சூப்பர்வைசர் பஞ்சநாதன் ஆசிட் கேனோடு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சேர்மன் பெயரைக் கேட்டாலே அவருக்கு வேர்த்துவிடும்.

“ஏம்மா, ஆசிட் ஊத்தித் தேச்சிடு. விழா முடிஞ்சா திங்கக்கெழம டைல்ஸ் ஒட்டிடுவாங்க. அதுவரைக்கும் மானத்தக் காப்பாத்துனா போதும்.”

“திங்கக்கெழமயா சார்?”

“ஆமா. அப்புறம் பேயே வந்தாலும் டைல்ஸுக்குக் கீழதான்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சின்னப்பாப்பா கேனை வாங்கி, பெரிய கால் வரிசையில் முதலில் ஊற்றினாள். அது அவளுடைய கால்தான். நுரைத்துப் பொங்கி, உப்புப் போய், அந்த இடம் மஞ்சளாக அசிங்கமாகக் கறை பிடித்தது. சின்னக் காலுக்கு வந்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டாள்.

“இதுமேல ஊத்த மாட்டேன் சார். இது எம் பொண்ணு காலு.”

பஞ்சநாதன் அவளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். உப்பளத்துக்காரர்களில் யார் வீட்டில் யார் போனார்கள் என்பது அவருக்கும் தெரியும். பிறகு கறையைப் பார்த்து, ஓரத்திலிருந்த மேசைகளை இழுத்து அதன்மேல் போடச் சொன்னார்.

“இந்தச் சின்னக் காலுமேல கோலமாவு போட்டு வரஞ்சிடு. கோகுலாஷ்டமிக்குப் போடுவோமே, அந்த மாரி. லட்சுமி பாதம்னு சொல்லிக்கலாம். ஆனா ஒரு ஆளுகிட்டயும் வாயத் தொறக்காத, என் வேல போயிடும்.”

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சின்னப்பாப்பா தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, மகளுடைய காலை ஒவ்வொன்றாக மாவால் வரைந்தாள். குதிகால், பள்ளம், விரல்கள். ஏறியிருந்த அந்தச் சுண்டுவிரலை நேராக்கவில்லை. உள்ளங்கை அடியில் உப்பு நறநறத்தது. பயம் என்று பார்த்தால் இருந்தது. ஆனால் எழுந்து போக மனசு வரவில்லை.

நாதஸ்வரம், செண்டை மேளம், மந்திரி வரும்வரை காத்திருப்பு, மந்திரிக்குப் பதிலாக அவர் அனுப்பிய ஆள் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. சேர்மனுடைய சம்சாரம், எல்லாருக்கும் சேர்மன் அம்மா, தட்டில் மஞ்சளும் உப்பும் வைத்து ஹாலுக்குள் முதல் ஆளாக வந்தாள். புது வீட்டுக்கு முதலில் உப்புதானே போகும். வாசலில் பாதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அடடா, யாரு போட்டது? அப்படியே நெஜக் கொழந்த காலு மாதிரி இருக்கே!”

எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தார்கள். மிதிபடவில்லை என்பதில் சின்னப்பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாவுக் கிண்ணத்தோடு கதவு மூலையில் நின்றிருந்தாள்.

சேர்மன் அம்மா நடு ஹாலில் நின்று கடைசிப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாத்தீங்களா? மகாலட்சுமி உள்ள வந்தா, அப்பிடியே நின்னுட்டா. இனிமே இந்த எடத்த வுட்டு வெளியவே போகமாட்டா.”

எல்லாரும் கை தட்டினார்கள்.

சின்னப்பாப்பா எப்போது நடு ஹாலுக்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கைதட்டல் அடங்கும்போது அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். கடைசிப் பாதத்தின் பக்கத்தில் வாசலைப் பார்த்து ஒரு பாதம் வரைந்துவிட்டாள். அடுத்ததை வரைந்துகொண்டிருந்தாள்.

“ஏய், என்னா பண்ற? பாதத்த வெளிய பாக்கப் போடறா பாருங்க!” சேர்மன் அம்மாவின் குரல் கிழிந்தது. “நல்ல நாளும் அதுவுமா, லட்சுமிய வெளிய அனுப்புறா! புடிங்க இவள!”

திறப்பு விழாவில் வெளியே போகிற பாதம். அதைவிடக் கேடு என்ன இருக்க முடியும்? பஞ்சநாதனுக்கு முகம் செத்துவிட்டது. அவரே ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்.

“வேணாம்மா, எழுந்திரு. கால்ல வுழறேன்.”

“உங்க லட்சுமி இங்கயே இருக்கட்டும் சார். எம் பொண்ண மட்டும் கூட்டிக்கினு போயிடறேன்.”

குதிகாலும் விரலும் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக அவள் வாசலை நோக்கி நகர்ந்தாள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதும் ஒரு கை மாவை விடவில்லை. கதவருகே நின்றிருந்த சந்தனமேரி எல்லாம் புரிந்தவளாக, வழியை மறித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, “தள்ளுங்க, தள்ளி நில்லுங்க, புள்ள வருது,” என்றாள். ஏன் என்று கேட்காமலே ஜனங்கள் விலகினார்கள். படி வரைக்கும் பாதம் வந்தது. அதற்குப் பிறகு மாவு தீர்ந்துபோனது. சின்னப்பாப்பா எழுந்து, பக்கத்தில் யாரையோ பிடித்திருக்கிற மாதிரி வலது கையைத் தோள் உயரத்தில் வைத்துக்கொண்டு, உப்பளத்து வரப்பில் இறங்கி நடந்தாள். யாரும் பின்னால் வரவில்லை.

ராஜாங்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் காலும் கலைந்த தலையுமாக வந்தவளைப் பார்த்து எழுந்தான்.

“என்னாச்சு பாப்பா? விழா அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

“தண்ணி கொண்டா.”

சொம்பில் கொண்டுவந்தான். அவள் படிக்கு வெளியே நின்றபடியே காலை நீட்டினாள். ஊற்றினான். மாவும் உப்புமாகக் கரைந்து ஓடியது.

“இந்தப் பக்கமும் ஊத்து,” என்றாள், தன் பக்கத்து வெறும் மண்ணைக் காட்டி.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுடைய கை இன்னும் தோள் உயரத்திலேயே இருந்தது. அவன் குனிந்து, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அந்த மண்ணில், ஒரு குழந்தையின் காலை அலம்புகிற மாதிரி, மெதுவாக ஊற்றினான். மண் அதைக் குடித்தது.

சின்னப்பாப்பா கையைக் கீழே இறக்கினாள். படி ஏறி உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“வூட்டுக்கு வந்துட்டாய்யா,” என்றாள். “இனிமே காரியத்துக்குச் சொல்லிடு.”