தீப்பிடிக்காத பஞ்சு

சின்னப்பராஜுக்கு அந்த வாரம் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. பொம்மிடியில் பஸ் ஏறினால் பாப்பிரெட்டிப்பட்டி என்ன பெரிய தூரமா? அந்தத் தூரத்துக்குள் மனுஷன் சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், கம்பியைப் பிடித்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். தக்காளிக் கூடையோடு வந்த பெண்மணியின் காலை மிதித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு ஒரே வாரத்தில் இது மூன்றாவது தடவை. கட்டிக் கொடுத்த புதிதில்கூட இப்படிப் போனதில்லை. 'சம்பந்தி வூட்டுச் சோறு ருசி கண்டுட்டாருபோல' என்று ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவருக்குச் சோறா முக்கியம்? அந்த வீட்டு அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு பஞ்சு அடைத்திருக்கிறது. அதை எடுத்து மண்ணில் புதைத்தால்தான் அவருக்குத் தூக்கம்.

அதை அங்கே அடைத்தவரும் அவரேதான்.

அவர் பார்த்தது பாய்லர் வேலை. மில்களில் பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் சூடு வெளியே போகாமல் இருக்க ஒரு வெள்ளைப் பஞ்சைச் சுற்றி, மேலே சாந்து பூசியிருப்பார்கள். கல்லிலிருந்து எடுக்கிற பஞ்சு அது. கல்நார் என்று பேர். கம்பெனிக்காரர்கள் ஆஸ்பெஸ்டாஸ் என்பார்கள். அது பழசாகி உதிரத் தொடங்கினால் உரித்தெடுப்பதற்கென்றே ஒரு கோஷ்டி உண்டு. மீசை முளைத்த காலத்திலிருந்து சின்னப்பராஜ் அந்தக் கோஷ்டியில் இருந்தார். அவரும் முனியப்பனும் ஜோடி. சேலம், பெங்களூர், கோயமுத்தூர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள், உரிப்பார்கள், மாவு மில்லில் வேலை பார்த்தவர்கள் மாதிரி வெள்ளைவெளேரென்று திரும்பி வருவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் கோயில் தெரு பற்றி எரிந்தது. எல்லாம் கூரை வீடு. பெரியவர்கள் மண்டியில் புளி தட்டப் போயிருந்தார்கள். வேளாங்கண்ணி என்கிற விதவையின் சின்னப் பெண் காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தாள். தாய்க்காரி ஓடி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை. அடக்கப் பூசைக்குப் போன சின்னப்பராஜால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறு வாரமே, மூடிப்போன ஒரு மில்லில் உரித்த பஞ்சில் இரண்டு மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பிடியை எடுத்து எரிகிற அடுப்புக்குள் போட்டு, இடுக்கியால் வெளியே எடுத்துக் காட்டினார். கருகக்கூட இல்லை. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வேளாங்கண்ணியின் புது வீட்டுக்குக் கூரை வேய்ந்தபோது, அடுப்புக்கு மேலே மூங்கில் சந்து முழுக்கத் தன் கையாலேயே அடைத்தார். மிச்சத்தைத் தன் வீட்டுக் கூரையில் அடைத்துக்கொண்டார்.

அந்தப் பஞ்சுதான் சம்பந்தமும் பேசியது என்று சொல்ல வேண்டும். 'இப்பிடிப்பட்ட மனுசன் வூட்டுப் பொண்ணு எனக்கு மருமவளா வரணும்' என்று வேளாங்கண்ணி சொல்லியனுப்பினாள். அவள் மகன் சவரிக்கே மகள் புஷ்பமேரியைக் கொடுத்தார்கள். பெண்ணும் தாய்வீட்டுக்கு வந்து நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தாள். பிறந்த பெண்பிள்ளைக்கு லூர்து என்று பேர் வைத்தார்கள். ஐந்து மாசம் அந்தப் பிள்ளை தாத்தாவின் நெஞ்சின் மேல்தான் தூங்கியது. போன மாதம் சீரோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். வந்த நாளிலிருந்து சின்னப்பராஜுக்குக் கை இரண்டும் வேலை போன மாதிரி இருந்தது.

இதற்கிடையில் முனியப்பன் செத்துப்போனான். இருமி இருமிச் செத்தான். டி.பி. என்று சொல்லி அவன் வீட்டாரே மாட்டுக்கொட்டகையில் கட்டில் போட்டார்கள். சின்னப்பராஜுக்கும் மேடு ஏறினால் மூச்சு முட்டியது. பெண்டாட்டி ராஜமேரியிடம் வேலை விஷயம் என்று பொய் சொல்லிவிட்டுப் பெங்களூருக்குப் போய்க் காட்டினார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். 'டி.பி. இல்ல. இது வேலைத் தூசி. யாருக்கும் ஒட்டாது' என்றார். நல்ல வார்த்தை என்று சின்னப்பராஜ் மூச்சு விடுவதற்குள், 'ஆனா உள்ள போனது போனதுதான், வெளிய வராது' என்றார். வீட்டுக் கூரையிலும் அது இருக்கிறது என்று இவர் உளறப்போக, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'நனைச்சி எடுத்துப் புதைங்க. பச்சப்புள்ள இருக்கிற வூடா இருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க.'

தன் வீட்டில் இருந்ததைச் சின்னப்பராஜ் ஊர் வந்து சேர்ந்த அன்றே எடுத்துப் புதைத்துவிட்டார். ராஜமேரியிடம் எலித்தொல்லை என்றார்; நெஞ்சில் சளிக்கட்டு என்றார். சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது? சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அந்தக் கதைதான். உண்மையைச் சொன்னால் முதல் கேள்வி 'உங்களுக்கு?' என்று வரும். தூசி என்று இவர் நூறு தடவை சொன்னாலும் ஊர் டி.பி. என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் பிள்ளையைத் தொட விடுவார்களா?

அதனால் முதல் தடவை போனபோது, பஞ்சு பழசாகிவிட்டது, எலி கூடு கட்டும் என்றார். வேளாங்கண்ணி, 'எலி வந்தா பூனை வளக்கறேன்' என்றாள். இரண்டாவது தடவை, இதைவிட நல்லதாகப் புதுசு வைக்கிறேன் என்றார். 'புதுச கொண்டாங்கண்ணா, அப்பறம் பழச எடுக்கலாம்' என்றாள். புதுசுக்கு எங்கே போவது? இவர் தலை மறைந்ததும், 'அந்தப் பஞ்சுக்கு வெளிய நல்ல வெல வந்திருக்குது, அதான் மனுசன் அலையறாரு' என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்று சின்னப்பராஜ் தன்னையே திட்டிக்கொண்டார்.

இந்தத் தடவை போனபோது சவரி வேலைக்குப் போயிருந்தான், புஷ்பமேரி தண்ணீருக்குப் போயிருந்தாள். வேளாங்கண்ணி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரையை ஒட்டின விட்டத்தில் தூளி கட்டியிருந்தது. சின்னப்பராஜ் குனிந்து பார்த்தார். கருநீலப் புடவைத் தூளி. அதன் மடிப்பிலெல்லாம் மாவு தூவின மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருந்தது. லூர்து தன் கையை முழுசாக வாயில் விட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கையிலும் வெள்ளை. அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"ஏணி எங்க இருக்குதுங்க?"

"எதுக்குங்கண்ணா ஏணி?" என்று வேளாங்கண்ணி திரும்பினாள்.

"பஞ்ச எடுக்கறேன்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா."

அவர் கொல்லைப்பக்கம் போய் ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாத்தினார். இரண்டாம் படியில் கால் வைத்ததும் வேளாங்கண்ணி களித்துடுப்போடு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏறுகிறவருக்கு ஆதரவாகப் பிடித்த பிடி இல்லை அது.

"அண்ணா, ஒங்க மேல எனக்கு மரியாத இருக்குது. அத நீங்களே கெடுத்துக்காதீங்க. போன பங்குனியில காத்துக்குப் பொறி பறந்துச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். மேல போயி ஒட்டிச்சி, அப்பிடியே அணஞ்சிடுச்சி. அந்தப் பஞ்சு இல்லன்னா ஒங்க பொண்ணும் இல்ல, அவ வயித்துல இருந்த இதுவும் இல்ல."

"அந்தத் தூசி நெஞ்ச அரிக்கும்ங்க சம்பந்தியம்மா. டாக்டரு சொன்னாரு."

"எத்தன நாள்ல அரிக்கும்?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "இருவது வருசம் ஆவும்ங்க."

வேளாங்கண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, தண்ணீர்க் குடத்தோடு வாசலில் ஏறின புஷ்பமேரி அங்கேயே நின்றுவிட்டாள்.

"இருவது வருசமா? எம்பொண்ணுக்கு நெருப்பு இருவது நிமிசம் குடுக்கலண்ணா."

பெற்றவள் சொல்கிறாள். சின்னப்பராஜ் ஏணியில் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"இருவது வருசம் கழிச்சி நீங்களும் நானும் இருப்பமோ, மாட்டமோ," என்றார் கடைசியில். "அவளுக்கு அப்பத்தான் இருவது வயசு. கண்ணாலம் பேசற வயசு."

வேளாங்கண்ணியின் கண் தூளிப் பக்கம் போய் வந்தது. ஆனாலும் ஏணியை விடவில்லை. "மூனு வருசமா இதுக்குக் கீழதான் படுக்கறேன். எனக்கு என்னா ஆச்சி? அத வுடுங்க. நீங்க காலம் பூரா அதுலயே பொரண்டவரு. ஒங்களுக்கு என்னா ஆச்சி? நல்லாத்தான இருக்கறீங்க."

வந்தது வினை. எந்தக் கேள்விக்குப் பயந்து எலி என்றும் புதுசு என்றும் அளந்தாரோ, அந்தக் கேள்வி ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. ஆமாம், நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, பஸ் ஏறிவிடலாம். தூளியில் லூர்து கையை வாயிலிருந்து எடுத்தாள், மறுபடி வைத்துக்கொண்டாள்.

"நல்லா இல்லீங்க," என்றார் சின்னப்பராஜ். "முனியப்பனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குது. படம் புடிச்சிக் காட்டுனாங்க. நெஞ்சுக்குள்ள இந்தப் பஞ்சுதான் இருக்குது. மருந்து கெடையாதுன்னுட்டாங்க. இவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

புஷ்பமேரி குடத்தை இறக்கி வைக்கத் தெரியாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். வேளாங்கண்ணி சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். பிறகு ஏணியிலிருந்து கையை எடுத்தாள்.

"எடுங்கண்ணா," என்றாள்.

அப்புறம் அவருக்கு ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. பெண்களையும் பிள்ளையையும் மாதா கோயில் புங்கமரத்தடிக்குப் போகச் சொன்னார். அடுப்பு விறகை இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்து அணைத்தார். ஈரத்துணியை நாலாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வேப்பங்கொத்தைக் குடத்தில் முக்கி முக்கி மேலே அடித்தார். பஞ்சு சொதசொதவென்று ஊறினதும், பிய்க்காமல், இழுக்காமல், ஒவ்வொரு பிடியாக ஒற்றியெடுத்து உரச்சாக்கில் போட்டார். ஏணியில் நாலு தடவை ஏறினால் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்த போதெல்லாம் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருஷ வேலையில் ஒருநாள், ஒரே ஒருநாள், நனைத்து உரி என்று ஒரு மேஸ்திரி சொன்னதில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் சொன்னார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு வக்கில்லாமலா முனியப்பன் மாட்டுக்கொட்டகையில் செத்தான்? சின்னப்பராஜ் அந்தப் பஞ்சை முனியப்பனைக் கொன்றவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே எடுத்தார்.

விட்டத்தையும் மூங்கிலையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணிகளையும் சாக்கில் போட்டார். தூளிப் புடவையையும் போட்டார். தரையை நனைத்துச் சுரண்டி வழித்தார். கொல்லையின் கோடியில் இடுப்பளவு குழி வெட்டிச் சாக்குகளை இறக்கினார். கிணற்றடியில் குளித்து, பையில் கொண்டுவந்த மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டு, வேலை செய்த துணியையும் அதே குழியில் போட்டு மூடிக் கல்லை வைத்தார்.

அவர் வீட்டு முன்பக்கம் வந்தபோது வேளாங்கண்ணி வாசலில், கூரைக்கு எட்டாத தூரத்தில், மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருந்தாள். இனி மழையானாலும் வெயிலானாலும் சமையல் வெளியேதான் என்றாள். சின்னப்பராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. வேளாங்கண்ணி உள்ளே போய் அவருக்கு நீர்மோர் கொண்டுவந்தாள். கடைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது சில்வர் டம்ளர். மரியாதைக்குப் புதுசு எடுத்திருக்கிறாள் என்று நினைத்து, சந்தோஷமாகக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணா. வர்ரப்ப போறப்ப அதுலயே குடிங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஒட்டாதுங்க," என்றார். "டாக்டரே சொன்னாருங்க."

"சொல்லியிருப்பாரு. நான் இல்லன்னு சொல்லலண்ணா." வேளாங்கண்ணி குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "ஒரு புள்ளய நெருப்புக்குக் குடுத்தவ நான். இனிமே எதுக்கும் குடுக்க முடியாதுங்கண்ணா. என்ன மன்னிச்சிக்கிடுங்க."

சின்னப்பராஜுக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. இவள் நம்ப வேண்டும் என்றுதானே மூன்று தடவை பஸ் ஏறினார்? நம்பிவிட்டாள். பாதியை நம்பு, மீதியை நம்பாதே என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

புஷ்பமேரி வாசற்படியில் பிள்ளையோடு வந்து நின்றாள். மாமியாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எந்தப் பக்கமும் கால் எடுத்து வைக்காமல் அழுதாள்.

"அங்கயே இரும்மா," என்றார் அவர். "அங்கிருந்தே காட்டு, பாக்கறேன்."

அவள் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள். லூர்து தாத்தாவை அடையாளம் கண்டு, காலை உதறிச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டினாள். சின்னப்பராஜ் டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.