மால்கோன் பூட்டிவைத்த நாடா

அந்த ஒலிநாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. லெய்சாரோ அதைத் துடைத்து, உலர்த்தி, கருவியில் மாட்டி, ஹெட்ஃபோனைக் காதில் போட்டுக்கொண்டாள். தலைநகர் போர்ட் விலாவின் ஒலிக் காப்பகத்தில் ஒன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை. தீவு தீவாகப் போய் யாரோ எப்போதோ பதிந்துவந்த குரல்களைக் கணினிக்குள் ஏற்ற வேண்டும்.

முதலில் ஒரு சேவல் கூவியது. பிறகு கிழவர் ஒருவரின் குரல். அம்பிரிம் தீவில் அவளுடைய சொந்த ஊரின் பேச்சு.

“கிழங்குப் பாட்டு எங்களுது இல்ல. மசிங்கோட அப்பா வீட்டுப் பாட்டு. பல்லு சுருண்ட பன்னி ஒண்ணு குடுத்து, ஒரே ஒரு தடவ பாடிக்கறேன்னு கேட்டுத்தான் பாடறேன். நாளைக்கு எம் பிள்ளைங்க பாடணும்னாலும் கேட்டுத்தான் பாடணும்.”

லெய்சாரோவின் கை அப்படியே நின்றுவிட்டது. மசிங் அவளுடைய அப்பா. பேசும் கிழவர், ஊர்த்தலைவர் மால்கோனைப் பெற்றவர்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, ஆட்டக்களத்தில் ஊரே கூடியிருக்க, அந்தப் பாட்டு தன் வம்சத்துடையது என்றார் மால்கோன். மசிங் திருடிப் பாடுகிறான், ஐந்து பன்றி தண்டம் என்று தீர்ப்பும் சொன்னார்; அப்பா எவ்வளவோ கெஞ்சிக் கேட்டும் இறங்கிவரவில்லை. அப்பாவிடம் மூன்றுதான் இருந்தன. மாமன் மச்சானிடம் கைநீட்டி ஐந்தையும் கட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக் குடும்பத்தோடு கப்பலேறினார். போர்ட் விலாவின் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கேயும் ஊர்க்காரர்கள் அவரைப் ‘பாட்டுத் திருடன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சாகிறவரை அவர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட ராகத்தோடு வந்ததில்லை. கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நாடாவின் அட்டையை எடுத்துப் பார்த்தாள். ‘குடும்பத்தின் அனுமதியின்றி யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது.’ கீழே மால்கோனின் கையெழுத்து. தேதி, தீர்ப்புக்கு மூன்று வாரம் முந்தையது. ஆக, மனுஷன் கப்பலேறி இங்கே வந்திருக்கிறார். பெற்ற தகப்பன் சொன்னதைக் காதாரக் கேட்டிருக்கிறார். பூட்டச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய் மசிங்கைத் திருடன் என்றிருக்கிறார்.

“பூட்டுன்னா பூட்டுதான், லெய்சாரோ,” என்றார் காப்பகத்தின் பொறுப்பாளர் ரோலன். “அது அவர் அப்பா குரல். அவர் சொன்னாத்தான் திறக்கலாம்.”

“எங்கப்பா பேரும் அதுல இருக்கு, சார்.”

“இருக்கட்டும். இன்னிக்கு ஒண்ணத் திறந்தா, நாளைக்கு எவன் நம்மள நம்பி வாயத் திறப்பான்?”

அவள் தலையாட்டினாள். சாப்பாட்டு வேளையில் நாடாவைத் தன் போனில் ஏற்றி, அட்டையையும் படமெடுத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, ஊர்க்குரல்களை ஊருக்கே திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது. சூரிய ஒளியில் ஓடும் ஒரு பெட்டி. பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டால், பக்கத்தில் வருகிறவர்கள் எல்லாரும் போனில் இறக்கிக் கேட்கலாம். அம்பிரிமுக்கு நானே போகிறேன் என்று லெய்சாரோ கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பள்ளி மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் இறகு செருகி உட்கார்ந்திருந்தார் மால்கோன். எழுபது தாண்டியும் உடம்பு தளரவில்லை.

“யாரு, மசிங் மவளா? பட்டணத்துச் சோறு நல்லாத்தான் ஒட்டியிருக்கு.”

“ஆமா மாமா. ஊர்க் கிழங்கு திங்க எங்களுக்கு எங்க குடுத்துவெச்சுது?”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். “பழசயெல்லாம் மனசுல வெச்சுக்காத புள்ள. எங்கப்பா குரல் உன் பொட்டியில இருக்காமே, போடு கேப்போம்.”

“எதப் போட? அவர் குரலுக்கு நீங்கதான் அனுமதி சொல்லணும்.”

“எரிமலைக் கதையோ எதுவோ, எதையாச்சும் போடு. ஊரே கேக்கட்டும்.” பூட்டச் சொன்ன நாடா வெளியே வராது என்ற நம்பிக்கை அவருக்கு.

தன் போனில் இருந்ததைப் பெட்டியில் ஏற்றிப் போட்டாள். ஒலிபெருக்கியில் சேவல் கூவியது. பன்றி கொடுத்துப் பாட்டைக் கேட்டு வாங்கியதைக் கிழவர் சொல்லி முடித்தார்.

“அணை அத,” என்றார் மால்கோன்.

“ஊரே கேக்கட்டும்னீங்களே மாமா. அணைச்சாலும் போகாது. இந்நேரம் பாதிப் பேரு போன்ல ஏறியிருக்கும்.” அட்டையின் படத்தைத் தூக்கிக் காட்டித் தேதியை உரக்க வாசித்தாள். “எங்கப்பா திருடன் இல்லன்னு தெரிஞ்சேதான் அவரக் கப்பலேத்துனீங்க.”

மறுநாள் காலை அவர் மகன்கள் பத்துப் பன்றிகளை ஓட்டிவந்தார்கள். கயிற்றை அவள் தொட்டுவிட்டால் போதும், வழக்கப்படி விவகாரம் அத்தோடு தீர்ந்தது. பிறகு யாரும் அதைப் பேசக்கூடாது. முதல் கயிற்றை மால்கோனே நீட்டினார்.

லெய்சாரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தண்டம் கட்டினது எங்கப்பா. அவர்கிட்ட குடுங்க. விலா கல்லறையில, வேலியோரமா படுத்திருக்கார்.”

“புள்ள, ஊரு முன்னால கேக்கறேன்…”

“அவரும் ஊரு முன்னாலதான் கேட்டார்.”

பன்றி வெயில் தாங்காமல் படுத்துவிட்டது. அவர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். அதை அவர் கையிலிருந்து வாங்க வேறு யாருக்கும் உரிமையில்லை.

தண்டம் தீராதவர் தலைமை இருக்கையில் உட்கார முடியாது, ஆண்களோடு கவா என்னும் வேர்ச்சாறு குடிக்கவும் முடியாது. மால்கோன் தோட்டத்துக் குடிசைக்குப் போய்விட்டார். அவர் கிணற்றடிக்கு வந்தால் பிள்ளைகள் போனில் அவருடைய அப்பாவைப் பேசவிட்டு ஓடுகிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு, “போதுமாடி?” என்று கேட்டாள் ஊரிலிருந்து பேசிய பெரியம்மா மகள்.

“போதாது,” என்றாள் லெய்சாரோ.

“அனுமதி வாங்கின லட்சணமா இது?” என்ற ரோலன், மாதக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். செய்தி தீவுகளெங்கும் பரவ, பதினோரு குடும்பங்கள் தங்கள் குரல்களை அழிக்கச் சொல்லி வந்தன. பெந்தகோஸ்த் தீவிலிருந்து வந்த ஒருத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, தன் தாயின் ஒப்பாரியை லெய்சாரோவின் கையாலேயே அழிக்கவைத்தாள். அதன் வேறு பிரதி உலகத்தில் எங்கும் இல்லை. அன்று மட்டும் லெய்சாரோவால் சாப்பிட முடியவில்லை.

இப்போது அவள் மீன் சந்தையில் எடை போடுகிறாள். போன மாதம் மால்கோன் பாதிரியாரைத் தூது அனுப்பியிருந்தார். “சாகக் கிடக்கறாரும்மா. கயிறத் தொட்டா போதும்கறார்.”

லெய்சாரோ தராசிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “எந்தக் கப்பல்ல வந்தீங்க, ஃபாதர்?” என்றாள். “அது நாலு மணிக்குத் திரும்புது. விட்டுடாதீங்க.”