பிறந்த தேதி சொல்லுங்க

“இன்னும் கண்டுபிடிக்கலையா அக்கா?” என்றான் லோனி.

டார்லா ஈரப் பஞ்சால் தம்பியின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

“யாரை?”

“யாரையா? என் பிள்ளையைத்தான். இந்தக் கவுன்ட்டில ஓடி ஒளியற அப்பனுங்க அத்தனை பேரையும் பிடிச்சுடற. ட்ரெவர் ஒருத்தன் கிடைக்கலையா உனக்கு?”

“பிடிக்கிறது நானில்லடா. என் ஆளுங்க.”

“அப்ப அவங்ககிட்ட சொல்லேன். சூப்பர்வைசரம்மா சொன்னா கேக்க மாட்டாங்களா?”

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஒஹையோ ஆறு மழைத் தண்ணீரில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கட்டாத தகப்பன்களிடம் அதை வசூலிக்கும் அரசாங்க அலுவலகத்தில் டார்லா மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே இருப்பவர்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், வண்டி ஓட்டும் உரிமத்தை முடக்குவார்கள், முகவரி மாற்றிக்கொண்டு போனவர்களைத் தேடிப் பிடிப்பார்கள். ஒரு காலத்தில் லோனியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. இப்போது அவன் மகன் ட்ரெவரின் பெயர் இருக்கிறது. பிரிந்துபோன மனைவியிடம் ஒரு சின்னப் பெண், கட்டாமல் விட்ட மாதங்கள், முடக்கிய உரிமம். சொந்தக்காரர்களின் கோப்பு என்பதால் இரண்டையும் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் கணினி மாநிலத்துக்கே ஒன்றுதான். பெயரைத் தட்டினால் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வந்து நிற்கும். அவள் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. அது அவளுக்குப் பெருமை.

ட்ரெவர் முன்பு வேலை பார்த்த டயர் கடையில், அவன் வந்தால் கூப்பிடச் சொல்லி இந்த அறையின் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

“வருவான்,” என்றாள்.

“வராட்டியும் பரவால்ல. குரலைக் கேட்டாப் போதும். நம்ம அப்பா குரல் மாதிரியே இருக்கும் அவனுக்கு. கவனிச்சிருக்கியா நீ?”

“இருமல்கூட அப்படியேதான்.”

லோனி சிரிக்கப் பார்த்தான். அது மூச்சிரைப்பாக முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

தொடாமல் கிடந்த மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போக வந்த நர்ஸ், “இன்னிக்குத் தாண்டாதுன்னு தோணுது மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க,” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலோரத்துத் தொலைபேசி அடித்தது.

“ஹலோ.”

பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். “இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொன்னாங்களாம். டயர் கடைல சொன்னாங்க. எங்கப்பாவுக்கு ரொம்ப முடியலன்னு... நான் ட்ரெவர்.”

டார்லாவின் கை தன்பாட்டுக்கு மேசையில் பேனாவைத் தேடியது. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

“முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க.”

லாரி ஒன்று ஊதிக்கொண்டு போனது.

“அட, ஆபீஸ்காரங்களா நீங்க!” என்றான் அவன். “இப்ப இப்படி ஆரம்பிச்சுட்டீங்களா? அப்பன் சாகறான்னு சொன்னா நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுடும்னு பார்த்தீங்க, இல்ல? உங்களுக்கெல்லாம் அப்பன் இல்லையா? த்தூ!”

“ட்ரெவர், இரு, நான் அத்தை—”

வைத்துவிட்டான்.

“யாரு?” என்றான் லோனி, கண்ணைத் திறக்காமல்.

டார்லா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“ராங் நம்பர்டா.”

“ம்.”

தாழ்வாரத்தில் நர்ஸைப் பிடித்தாள். “வெளியேருந்து வந்த கால். எந்த நம்பர்னு பார்க்க முடியுமா?”

“அதெல்லாம் இங்க தெரியாதே மா.”

தாழ்வாரத்துத் தொலைபேசியிலிருந்து டயர் கடைக்குக் கூப்பிட்டாள். கடைக்காரர் சிரித்தேவிட்டார். “நம்பரா? யாருக்குத் தர்றான் அவன்? எல்லாம் உங்க ஆபீசுக்குப் பயந்துதான். திரும்ப வந்தா சொல்றேன். வருவான்னு தோணலை.”

கடைசியாக அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். யோலாண்டா எடுத்தாள். டார்லாவிடம் வேலை பழகியவள், இப்போது அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள்.

“என்ன பாஸ், குரல் ஒரு மாதிரி இருக்கு? தம்பி...?”

“இருக்கான். பையன் கூப்பிட்டான் யோலாண்டா. நான் எடுத்தேன். எடுத்ததும் பிறந்த தேதி கேட்டுட்டேன்.”

“என்னது?”

“வாயில வந்துடுச்சு.”

யோலாண்டா ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. மெல்ல, “எங்களைத் தூக்கத்துல எழுப்பினாக்கூட அதைத்தானே சொல்லுவோம். அப்படித்தானே பழக்கினீங்க,” என்றாள்.

பழக்கியது உண்மை. ஒருமுறை, தான்தான் அண்ணன் என்று சொன்னவனை நம்பி, யார் எவர் என்று கேட்காமல், ஒரு பெண்ணின் புது முகவரியைச் சொல்லிவிட்டாள் அலுவலகத்தில் ஒருத்தி. அவன் அண்ணன் இல்லை, புருஷன். அந்தப் பெண் முகத்தில் தையலோடு அலுவலகத்துக்கு வந்து நின்றாள். அன்றிலிருந்து டார்லா தன் ஆட்களை உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள்: அழுதாலும் சரி, கெஞ்சினாலும் சரி, முதலில் அந்தக் கேள்வி. பிறகுதான் மற்றது.

“பேரைத் தட்டட்டுமா?” என்றாள் யோலாண்டா. “ஒரு நிமிஷ வேலை. நம்பரை நான் சொல்லக்கூட வேண்டாம். நானே அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிடறேன்.”

“ஜீனியை இதுக்குத்தானே வேலையை விட்டு அனுப்பினேன்?”

“ஜீனி மருமகன் வீட்டு வாசல்ல போய்ச் சண்டை போடறதுக்கு அட்ரஸைப் பார்த்தா. இது அதுவா?”

“பார்த்தது பார்த்ததுதான். அன்னிக்கு அவகிட்ட அதைத்தான் சொன்னேன். மேசைல இருந்த செடித்தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே போனா.”

“பாஸ், அந்தாளு செத்துக்கிட்டு இருக்காரு.”

“தெரியும்.”

“அப்ப?”

“வேண்டாம். கீபோர்டுலேருந்து கையை எடு.”

“நீங்க மனுஷிதானா?” என்றாள் யோலாண்டா. உடனே, “மன்னிச்சுக்கங்க,” என்றாள். டார்லா ரிசீவரை வைத்தாள்.

அறைக்குத் திரும்பியபோது லோனியின் மூச்சு மாறியிருந்தது. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் குளிர்ந்திருந்தன.

“அக்கா.”

“சொல்லுடா.”

“அவன் வந்தா திட்டாதே. என்னைத் திட்டின மாதிரி.”

“நான் எப்படா உன்னைத் திட்டினேன்?”

“திட்டலை. ஒண்ணும் சொல்லவும் இல்லை. அதான்.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. டார்லா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உரிமம் முடக்கப்பட்ட வருஷம் கிறிஸ்துமஸுக்கு நடந்தே வந்து அவள் வீட்டு வாசலில் பனியைத் தட்டிக்கொண்டு நின்றான். “என்ன பண்றதுன்னு சொல்லு,” என்று கேட்டான். “உன் விஷயம் நான் பேசக் கூடாது,” என்று சொல்லி அவனுக்குப் பன்றித் தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறினாள். கோர்ட்டுக்குப் போய்த் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேள் என்று, அலுவலக ஜன்னலுக்கு வருகிற எந்தத் தெரியாதவனிடமும் அவள் சொல்லுகிற விஷயம்தான்; அவனிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியபோது ரிசீவரை எடுத்து அலுவலகத்து எண்ணை அழுத்தினாள். ‘தட்டு’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்லவேண்டியது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெண் குரல், தெளிவாக, அவசரமில்லாமல்: “இன்றைய அலுவலக நேரம் முடிந்தது. நாளைக் காலை அழைக்கவும். அழைக்கும்போது உங்கள் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும்...”

அது அவளுடைய குரல். அவளே பதிவுசெய்து கொடுத்தது. கேட்டுக்கொண்டே திரும்பினாள். லோனியின் மார்பு ஏறவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். ரிசீவருக்குள் அவள் குரல் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, நன்றியும் சொன்னது.

அடக்கத்தன்று மழை விட்டிருந்தது. சவ அடக்க நிலையத்தில் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் எழுந்தபோது, வாசலுக்கு வெளியே, கார்களைத் தாண்டி, ட்ரெவர் நிற்பதை டார்லா பார்த்தாள். யாரிடமோ கடன் வாங்கிய கோட்டு. கை நீளம் போதவில்லை. உள்ளே வருவதா போவதா என்று நின்றுகொண்டிருந்தான். அவள் இறங்கிப் போனாள்.

“டயர் கடைல பேப்பர்ல வந்த சாவுச் செய்தியைக் காட்டினாங்க, அத்தை.”

“வந்தியே. நல்லதுப்பா.”

“அன்னிக்குப் போனை எடுத்தது நீங்களா?”

“நான்தான்.”

“நான் அவங்கன்னு நெனச்சுட்டேன்.”

“நான் அவங்கதானேடா.”

அவன் ஷூ முனையால் சரளைக்கல்லை நெருடினான். இருமினான். டார்லா ஒரு கணம் வேறு பக்கம் பார்த்தாள்.

“நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்லிவிடலாம். கேட்டுச் சந்தோஷப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

“ராங் நம்பர்னு சொல்லிட்டேன்.”

ட்ரெவர் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

“வேற ஏதாவது சொன்னாரா?”

“நீ வந்தா திட்டக் கூடாதுன்னான்.”

“யாரு, நீங்களா?”

“நான்தான்.”

உள்ளேயிருந்து சவ அடக்க நிலையத்துக்காரர் எட்டிப் பார்த்தார். “மேடம், தூக்கலாமா? முதுகு வலின்னு ஒருத்தர் ஒதுங்கிட்டாரு. ஒரு கை குறையுது.”

“நான் பிடிச்சுக்கறேன்,” என்றாள் டார்லா.

லோனியோடு லாரி ஓட்டியவர்கள் சவப்பெட்டியின் கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்து நின்றிருந்தார்கள். அவள் பின்பக்கத்து மூலையில் போய்ப் பிடித்தாள். பெட்டி வாசல் படியில் இறங்கும்போது கனம் முழுவதும் அவள் மணிக்கட்டுக்கு வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்த கிழவர் விலகிக்கொண்டார். அந்த இடத்தில் ட்ரெவரின் கை வந்து கம்பியைப் பற்றியது.

அவன் உயரம். பெட்டி அவன் பக்கம் தூக்கிக்கொண்டு, இவள் பக்கம் சாய்ந்தது. யாரோ முன்னாலிருந்து, “பார்த்து, பார்த்து” என்றார்கள். ட்ரெவர் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தினான். பெட்டி சமமாயிற்று. ஈரப் புல்லில் கடைசிவரைக்கும் அவன் அப்படியே, அரைக் குனிவாக, அவள் உயரத்துக்கு நடந்துவந்தான்.